கை காட்டினால் நிற்கும்

அவர் கை நீட்ட மாட்டார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

செவன் கிங்ஸில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் ஒரு பஸ் தரிப்பு இருந்தது. சிவப்புப் பலகை. அந்த நாட்களில் லண்டனில் இரண்டு வகைத் தரிப்புகள். வெள்ளைப் பலகை என்றால் பஸ் தானாக நிற்கும். சிவப்புப் பலகை என்றால் நாம்தான் கையை நீட்டி நிறுத்த வேண்டும். நீட்டாவிட்டால் நம்மையும் விளக்குக் கம்பங்களில் ஒன்றாக எண்ணிக்கொண்டு ஓட்டுநர் போய்விடுவார். அவர் அந்தச் சிவப்புப் பலகையின் கீழ் நெஞ்சை நிமிர்த்தி, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். பஸ் வரும். பஸ் போகும். போகிற பஸ்ஸின் முதுகைப் பார்த்து, "போ, போ. உன்ர கொப்பன்ர பஸ்தானே" என்பார். பிறகு மழையோ பனியோ, வெள்ளைப் பலகை வரை நடப்பார்.

"அங்கிள், கையைக் காட்டினா நிப்பாட்டுவான்."

"பஸ் தரிப்பில மனிசன் ஏன் நிக்கிறான் பிள்ளை? புல்லுப் புடுங்கவே? அவனுக்குக் கண்ணில்லையே? நான் ஏன் நடு றோட்டில பிச்சைக்காரன் மாதிரிக் கையை நீட்டவேணும்?"

ஊரில் அவர் ஸ்டேஷன் மாஸ்டர். கொழும்பிலிருந்து வடக்கே போகிற பாதையில், பனைகளுக்கும் உப்புக் காற்றுக்கும் நடுவில், ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே அவருடைய கைகாட்டி மரம் விழாமல் ஒரு ரயிலும் உள்ளே வந்ததில்லை, அவருடைய பச்சைக் கொடி அசையாமல் ஒரு ரயிலும், அவர் சொல்லில் கோச்சி, வெளியே போனதில்லை. மனைவி காய்ச்சலில் போனபின், எண்பதுகளின் நடுவில், ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். பெனிபிட்டுக்கு எழுதிப்போடச் சொன்ன கவுன்சில் பெண்ணிடம், "நான் உதவி கேக்க வரேல்லை, வேலை கேக்க வந்தனான்" என்று கத்திவிட்டு வந்தார். கிடைத்த வேலை இல்ஃபோர்டில் ஒரு கார் பார்க்கின் வாசலில். "ஊரில கோச்சிக்கு மரம் விழுத்தினன், இஞ்ச காருக்கு மரம் தூக்கிறன்" என்பார். சிரிப்பதற்காகச் சொன்னதில்லை. யாராவது சிரித்தால் அதற்கும் கோபம் வரும்.

எதற்குத்தான் வராது? காலையில் வானொலிச் செய்திக்குக் கோபம். மத்தியானம் குழைந்த சோற்றுக்குக் கோபம். பின்னேரம் கொழும்புக்கு, பிறகு இயக்கங்களுக்கு, பிறகு தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணி ஒரு பக்கமும் பச்சைத்தண்ணி ஒரு பக்கமும் தனித்தனியே வருகிற இந்த நாட்டு மடைமைக்கு. எங்கள் வீட்டுப் பின்பக்கத்தால் ரயில் பாதை போனது. ரயில் பிந்தினால் யன்னலைத் திறந்து திட்டுவார். நேரத்துக்கு வந்தால், "ஒரு நாளைக்கு ஒருக்கா எண்டாலும் ஒழுங்கா வாறான்" என்று அதையும் திட்டுகிற மாதிரியே சொல்வார். கோபம் அவருக்கு ஓவர்கோட்டு மாதிரி. உள்ளே என்ன உடுத்தியிருந்தார் என்று யாருக்கும் காட்டவில்லை.

கீழே முன்னறை அவருக்கு. மேலே சின்ன அறை எனக்கும் அவருடைய மகளுக்கும். இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்தோம். ஒரே போர்வைக்குள் சுருண்டு, சுவருக்குள் எலி ஓடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம். படிப்பு முடிந்ததும் அவளுக்கு வேல்ஸில், மலைகளுக்கு நடுவே ஒரு சிறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போனாள். அங்கேயே காட்டிலாகாவில் மரம் வெட்டுகிற ஒருவனை விரும்பி, பதிவு செய்துகொண்டு, பிறகுதான் தகப்பனுக்குப் போன் பண்ணினாள்.

அவர் போனை வைத்தார். படிகளின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு அறைக்க படுத்தெழும்பினனீங்கள். உனக்குத் தெரியாதே?"

"தெரியும் அங்கிள்."

"தெரிஞ்சு ஏன் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

"கேட்டாத்தான் சொல்லுவியோ? வீடு பத்தினாலும் கேட்டாத்தான் சொல்லுவியோ?"

எனக்கும் கோபம் வரும் என்பது அவருக்கு ஒருபோதும் உறைத்ததில்லை. உலகத்திலுள்ள கோபத்தையெல்லாம் தானே குத்தகைக்கு எடுத்திருப்பதாக நினைத்தவர் அவர். இப்போது எனக்கு அவருக்கு அன்றிருந்த வயது. அவர் இறந்து பல வருடம். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் அப்படி எழுத மாட்டேன்.

அந்தப் போனுக்கு அடுத்த மாதமே அவர் வேல்ஸுக்குத் தனியாகப் போனார். கூட்டிக்கொண்டு வரப் போனாரா, திட்டிவிட்டு வரப் போனாரா, அது அவருக்கே தெரிந்திருக்காது. கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். வருகிறார் என்று மட்டும் நான் அவளுக்குச் சொல்லி வைத்தேன். போன நாளே திரும்பி வந்தார், குசினிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கத்தத் தொடங்கினார்.

"ஸ்டேசன் எண்டு போர்ட் போட்டிருக்கு. பிளாட்போம் கிடக்கு. பிளாட்போமில ஆள் நிக்குது. அவன் நிப்பாட்டாமப் போறான் பிள்ளை! என்ர ரிக்கற்றில அந்தப் பேர் அடிச்சிருக்கு. அடிச்சுப் போட்டு நிப்பாட்டாமப் போறான்!"

"ஆர் நிண்டது அங்கிள்?"

கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். மேசையில் ஒன்றும் இல்லை.

"ஆர் நிண்டது? உன்ர சினேகிதிதான்."

அந்தப் பாதையில் அப்படித்தான். ஆளில்லாத சின்ன ஸ்டேஷன்களில் ரயில் தானாக நிற்காது. இறங்குகிறவர் ரயிலுக்குள் கார்டிடம் முன்னமே சொல்ல வேண்டும். ஏறுகிறவர் மேடையில் நின்று ஓட்டுநருக்குக் கை காட்ட வேண்டும். அவர் கார்டிடம் சொல்லவில்லை. ரயில் மகளைத் தாண்டிப் போனது. அவள் சிவப்புக் கோட்டோடு நின்றாளாம். அடுத்த ஊரில் இறங்கி, திரும்புகிற ரயிலில் ஏறினார். அதுவும் அதே மேடையைத் தாண்டித்தான் வந்தது. அப்போதும் சொல்லவில்லை. அவள் அப்போதும் நின்றாளாம்.

அவளிடம் போனில் கேட்டேன்.

"யன்னலில அப்பான்ர முகத்தைக் கண்டனான்," என்றாள். "என்னைப் பாத்தார். இறங்கேல்லை. திரும்பி வரேக்கையும் பாத்திட்டுப் போனார். அவ்வளவுதான்."

"அவருக்குக் கார்டிட்டச் சொல்லவேணும் எண்டு தெரியாதடி."

"தெரியாதோ? ஆருக்கு? ரயில்வேயில இருந்த மனிசனுக்கோ?"

"நீ கையைக் காட்டி நிப்பாட்டியிருக்கலாம்தானே?"

"நான் ஏன் காட்ட? அவர் இறங்கிறதெண்டா இறங்குவார்."

இந்தப் பக்கம் இவரிடம் போய்ச் சொன்னேன். "அங்கிள், அது சொன்னாத்தான் நிக்கிற ஸ்டேசன்." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் ஸ்டேசன் மாஸ்டர். நீ எனக்குக் கோச்சி படிப்பிக்கிறியோ?"

பாருங்கள், எவ்வளவு நேர்த்தியாகப் பூட்டிக்கொண்டார்கள். வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும், பாவம், மனுசனுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று மகள் நம்பியிருப்பாள். இவர் ஸ்டேஷன் மாஸ்டர், அதனால் அவள் நம்பவில்லை. வேறு எந்த ஆளாக இருந்தாலும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லியிருப்பார். இவர் ஸ்டேஷன் மாஸ்டர், அதனால் சொல்லவில்லை. உத்தியோகமே இல்லாமல் போன ஒரு உத்தியோகம் இரண்டு பேருக்கும் நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. வருடங்கள் அதைத் தாண்டி நிற்காமல் போயின.

தொண்ணூறில் வடக்கு ரயில் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தி வந்தது: தண்டவாளத்தைக் கழற்றுகிறார்களாம், சிலிப்பர் கட்டைகளைப் பிடுங்குகிறார்களாம், பதுங்குகுழிகளுக்குக் கூரை போடுகிறார்களாம். அவருடைய ஸ்டேஷனில் சுவர் மட்டும் மிச்சமாம். அன்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கதவைத் தட்டி, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள். "என்ர ஸ்டேசனைக் கழட்டிக்கொண்டு போறாங்கள்!" என்று அவளிடமும் தமிழிலேயே கத்தினார். ஆமிக்குத் திட்டு, இயக்கத்துக்குத் திட்டு, தண்டவாளம் போட்ட பழைய வெள்ளைக்காரனுக்கும் திட்டு.

நான் படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள் என்று அந்தக் கிழமைதான் சொல்லியிருந்தேன். அதற்கு ஒரு சத்தமும் வரவில்லை. இரும்புக்கு இவ்வளவு சத்தம். எனக்குப் பொறுக்கவில்லை.

"மகள் நிண்ட ஸ்டேசன் ஒண்டு இருந்தது. அதிலையும் நீங்கள் இறங்கேல்லைத்தானே?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை. அடிப்பாரோ என்று நினைத்தேன். யன்னலைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தார்.

சில நாள் கழித்துக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"எப்ப போறாய்?"

"எங்க?"

"அங்கதான். ஆரும் ஒருக்காப் போய்ப் பாக்கத்தானே வேணும். வயித்துப்பிள்ளைக்காரி."

"நான் ஒரு இடமும் போகேல்லை. நீங்கள் போங்கோ."

"நான் ஏன் போக? நீ போறதெண்டா, பொம்பிளைப் பிள்ளை தனியப் போறாய், துணைக்கு வாறன்."

ஒரு சனிக்கிழமை விடியக் கிளம்பினோம். மறுநாள் எனக்குப் பின்னேர ஷிப்ட். சனி பின்னேர ரயிலில் திரும்பினால்தான் உண்டு, அந்தப் பாதையில் ஞாயிறு ரயில் கிடையாது. இதை அவருக்கு வழியெல்லாம் சொன்னேன். இரண்டு பெட்டி ரயிலுக்கு மாறினோம். மலைகள் கிட்ட வந்தன; மழை ஒரு பக்க யன்னலில் மட்டும் விழுந்தது. கார்ட் வந்தபோது நான் ஸ்டேஷன் பெயரைச் சொல்லி நிறுத்தச் சொன்னேன். அவர் வெளியே செம்மறிகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், வாழ்நாளில் ஆடே காணாதவர் போல.

ரயில் எங்களுக்காக மட்டும் நின்றது.

ஒரு பெட்டி நீளத்துக்கு ஒரு மேடை. மேடையோடு ஒட்டிய கல் வீடுதான் பழைய ஸ்டேஷன் கட்டிடம். அதை எப்போதோ விற்றுவிட்டார்கள். சம்பந்தி, மருமகனின் தகப்பன், வாங்கி மகனோடும் மருமகளோடும் குடியிருந்தார். மகன் அன்று காட்டில் வேலைக்குப் போயிருந்தான். ரிக்கற் யன்னலில் திரைச்சீலை. பயணிகள் அறையில் உருளைக்கிழங்குச் சாக்குகள். கைகாட்டி மரம் நின்ற இடத்தில் உடுப்புக் கொடி கட்டி, அதில் என் சினேகிதியின் நர்ஸ் சட்டை காய்ந்தது. மேடையிலிருந்து பார்த்தால் கீழே ஒரு ஏரி, ஈயத் தகடு மாதிரி, அசையாமல்.

அவர் மகளைப் பார்க்கவில்லை. அவள் வாசலில், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் மேடையின் விளிம்புக் கல்லைக் காலால் தட்டினார். "கொடி எங்க? மணி எங்க? இஞ்ச ஆர் பொறுப்பு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

வீட்டுச் செருப்போடு வெளியே வந்த சம்பந்திக் கிழவர், ஒருவருமில்லை என்றார்.

"பொறுப்பில்லாமல் ஒரு ஸ்டேஷனா? இதுதான் உங்கள் இங்கிலீஷ்காரர்களின்..."

கிழவர் கையிலிருந்த புகையிலைக் குழாயைச் சுவரில் ஓங்கித் தட்டினார். தான் இங்கிலீஷ்காரன் இல்லை என்றார். தன் தகப்பன் இல்லை, பாட்டன் இல்லை, இந்த மலையிலுள்ள ஒரு ஆடுகூட இல்லை என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. தன்னுடைய மொழியைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் பாட்டனின் கழுத்தில் மரத்துண்டு கட்டித் தொங்கவிட்டார்கள், தெரியுமா என்றார். அந்த ஏரியைக் காட்டினார். அது ஏரி இல்லை, ஊர். இங்கிலாந்து நகரமொன்றின் குழாயில் தண்ணீர் வருவதற்காக அணை கட்டி ஊரை மூழ்கடித்தார்கள், தேவாலயமும் பள்ளிக்கூடமும் கல்லறையும் அடியில் கிடக்கின்றன, யாரைக் கேட்டார்கள்?

எங்கள் ஆள் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, இந்தாள் எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு. என்னைச் சிறீலங்கன் எண்டு சொன்னா எனக்கு வாற மாதிரியெல்லே வருது இவருக்கு!"

பிறகு இருவரும் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு மாறி மாறிக் கத்தினார்கள். ஒருவர் தண்டவாளத்துக்கு, ஒருவர் தண்ணீருக்கு. மேசையில் குத்தினார்கள். தேத்தண்ணிக் கோப்பைகள் துள்ளின. எவ்வளவு ஒற்றுமை! மகள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"குளிர் நிலம். வெறுங்காலோட நிக்கவேண்டாம் எண்டு அவளிட்டச் சொல்லு."

"இது என்ர வீடு எண்டு அவரிட்டச் சொல்லு," என்றாள் அவள்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! கேத்தலை எடுத்து மேசையில் அடித்து வைத்தேன்.

"நான் என்ன, ரெண்டு பேருக்கும் நடுவில கட்டின ரெலிபோன் கம்பியே? தண்ணிக்கும் இரும்புக்கும் கத்த நேரமிருக்கு உங்களுக்கு. பெத்த பிள்ளையோட கதைக்க நேரமில்லை. கேளடி. உன்ர கொப்பருக்கு அண்டைக்குக் கார்டிட்டச் சொல்லவேணும் எண்டு தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"ஸ்டேசன் மாஸ்டருக்கோ?"

"ஓம். ஸ்டேசன் மாஸ்டருக்குத்தான்!"

அடுப்பில் விறகு வெடித்தது. சம்பந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கத்தல் எந்த மொழியிலும் கத்தல்தான், அவர் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார். எங்கள் ஆள் கோப்பையை வட்டமாகச் சுழற்றினார். கடைசியில், யாரையும் பார்க்காமல், "எங்கட லைனில உப்பிடி ஒரு ஸ்டேசன் இல்லை" என்றார்.

அவரிடமிருந்து அதற்குமேல் ஒன்றும் வராது. அவளுக்கும் அது தெரியும். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. போய்க் கோப்பைகளைக் கழுவினாள், உடைந்துவிடுமோ என்று நான் பயப்படுகிற அளவுக்கு அழுத்தித் தேய்த்து.

இந்த மனிதரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் லண்டனில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் வேலை செய்த வார்ட்தான். ஊசி போட வந்த பெட்டை, கையை நீட்டுங்கள் என்றாள். நீட்டவில்லை. "வேணுமெண்டா அவளே எடுக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார். அவள் போர்வைக்குள் கைவிட்டுத் தேடி எடுத்தாள். எடுத்ததும் விட்டுக்கொடுத்தார். அந்தக் கை அவ்வளவு சாது. இதை அந்தப் பின்னேரத்தோடு சேர்த்துத்தான் நான் நினைக்கிறேன்.

பின்னேரம் ரயில் நேரத்துக்கு மேடைக்கு வந்தோம். மகள் படலையடியில் நின்றாள். சம்பந்தியும் வந்தார். கையை நீட்டினால்தான் ரயில் நிற்கும் என்று நினைவூட்டினார். இவர் உடனே, பிச்சைக்காரனா நான் என்று தொடங்கினார்.

பிச்சையா என்று சம்பந்தி சீறினார். இந்த ஸ்டேஷன் ஏன் வந்தது தெரியுமா? இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு பிரபுவின் காணி. தன் காணிக்குள்ளால் தண்டவாளம் போகலாம், ஆனால் தான் கையைத் தூக்கினால் எந்த ரயிலும் நிற்க வேண்டும் என்று எழுதி வாங்கினான். அவனுக்காகக் கட்டியதுதான் இந்த மேடை. சனங்கள் அடுத்த ஊருக்கு மலை ஏறி நடந்தார்கள். என் தகப்பனும் நடந்தான் என்றார். பிரபுவின் மாளிகை விழுந்தது, அந்தக் கை எங்களுக்கு வந்தது. இது கேட்கிற கை இல்லை. உத்தரவு போடுகிற கை. நான் ஒவ்வொரு தரமும் அவனை நினைத்துக்கொண்டுதான் தூக்குகிறேன்.

எங்கள் ஆள் இதை நின்று கேட்டார். ஒரு சொல் விடாமல் கேட்டார். "உத்தரவோ," என்றார். "அப்ப கொடி மாதிரித்தான்."

"அதுதான் அங்கிள்," என்றேன். "இனி என்ன, வடிவாக் கையைக் காட்டுங்கோ."

மலை வளைவில் ரயில் தெரிந்தது. மஞ்சள் முகம், ஒற்றை விளக்கு. அவர் மேடையின் நடுவில் போய் நின்றார், நெஞ்சை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு. இப்போது தூக்குவார், இப்போது தூக்குவார் என்று பார்த்தேன். தூக்கவில்லை. எனக்கு ஷிப்ட். நான் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் நின்று என் கையை உயர்த்தினேன்.

எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துக் கீழே இறக்கினார். இறக்கியபின்னும் விடவில்லை.

ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார், ஒரு கணம் யோசித்தார், ஊதிவிட்டுப் போனார். இரண்டு பெட்டிகள், வெளிச்சமான யன்னல்கள், பிறகு வெறும் தண்டவாளம்.

அப்போதுதான் அவர் என் கையை விட்டார். போகிற ரயிலின் முதுகைப் பார்த்து, மலையே திருப்பிச் சொல்லும்படி கத்தினார்:

"போ! போ! உன்ர கொப்பன்ர கோச்சிதானே!"

படலைப் பக்கம் திரும்பினார். என்னைத் தாண்டி, சம்பந்தியைத் தாண்டி, நேரே அவளிடம் சொன்னார்.

"பாத்தியே? ஆள் நிக்க நிக்க நிப்பாட்டாமப் போறான். நாளைக்கும் கோச்சி இல்லையாம். உலகத்தில உப்பிடி ஒரு லைன் இருக்கோ? சோறு கிடக்கோ?"

அவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தகப்பனின் அதே நிமிர்ந்த நெஞ்சு, அதே பின்னால் கோத்த கைகள்.

"இனித்தான் போடவேணும். நீங்கள் முதல் உந்தச் சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றாள். அவரிடமே சொன்னாள்.

அவர் குனிந்து, முணுமுணுத்துக்கொண்டு, ஈரக் கயிற்றைத் திட்டிக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினார். இருவரும் உள்ளே போனார்கள். சம்பந்தியும் போனார். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆளில்லாத அந்த ஸ்டேஷனில், போய்விட்ட ரயிலைப் பார்த்துக்கொண்டு, நான் மட்டும் நின்றேன். மணிக்கட்டு நொந்தது. ஞாயிறு ஷிப்ட் போய்விட்டது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.